மட்டி தின்னலாமா? கொதித்தால் மட்டும் போதாது!

மான்குர்துக்கும் வாஷிக்கும் இடையே லோக்கல் ரயில் தானே கழிமுகத்தைக் கடக்கிறது. கடல் வற்றிய வேளையில் அந்தப் பாலத்தில் போகிறவர்கள், கீழே முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கும் ஆட்களைப் பார்த்திருப்பார்கள். மட்டியும் நண்டும் பொறுக்குகிறவர்கள். அவர்களில் பரம்பரையாக அந்தத் தொழில் செய்யும் கோளி மீனவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிச் செலவை மிச்சப்படுத்த இறங்கிய கூலிக்காரர்களும் உண்டு. அந்தக் கூலிக்காரர்களில் தமிழர் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

தூத்துக்குடி, திருச்செந்தூர், குளச்சல், ராமேசுவரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு மட்டியும் சிப்பியும் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் பாறையிலிருந்து பெயர்த்து எடுக்கும் சிப்பிக்குத் தனி மவுசு உண்டு. அதே சாதிச் சிப்பியைக் கேரளத்தில் கல்லுமக்காய் என்கிறார்கள். அப்படித் தின்று வளர்ந்த நாக்கு மும்பைக்கு வந்த பிறகும் அதைத் தேடத்தான் செய்யும். பாப்லெட்டும் சுர்மையும் வாங்கக் கை கூசும் மாதக் கடைசியில், கூறு கட்டி வைத்திருக்கும் மட்டி ஒன்றுதான் கடல் ருசியை வீட்டுக்குக் கொண்டு வருகிறது. புரதம் நிறைந்தது, இரும்புச் சத்தும் உள்ளது. வளரும் பிள்ளைகளுக்கு நல்ல உணவு.

இதைப் பற்றித் தமிழர் குடியிருப்புகளில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "மும்பைக் கடலில் பிடித்ததைத் தொடவே கூடாது" என்பது ஒரு கட்சி. "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எதுவும் ஒன்றும் செய்யாது" என்பது மற்றொரு கட்சி. முதல் கட்சிக்காரர் நல்ல உணவை இழக்கிறார், நஷ்டம் அவ்வளவுதான். இரண்டாவது கட்சிக்காரர் உயிரையே பணயம் வைக்கிறார். ஆகவே இரண்டாவது கட்சியோடுதான் முக்கியமாக வாதாட வேண்டியிருக்கிறது.

வடிகட்டித் தின்னும் பிராணி

மீன் இரையைத் தேடி நீந்துகிறது. நண்டு நடந்து போய்ப் பிடிக்கிறது. மட்டியும் சிப்பியும் அப்படியல்ல. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டுத் தண்ணீரை வெளியே விடுகின்றன. ஒவ்வொரு சிப்பியும் நாள் முழுவதும் பல லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டுகிறது. தண்ணீரில் நல்லது இருந்தால் நல்லது சேரும். சாக்கடை இருந்தால் சாக்கடைக் கிருமி சேரும். அதுவும் தண்ணீரில் இருந்த அளவில் அல்ல, அதைவிடப் பல மடங்கு செறிவாகச் சேரும்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். வஞ்சிரம் எந்தக் கடலில் பிடிபட்டது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஐஸில் ஒழுங்காக வைத்தார்களா என்று பார்த்தால் போதும். மட்டிக்கு அப்படியல்ல. அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை துடிப்பாக இருந்தாலும், எத்தனை பெரிதாக இருந்தாலும், வளர்ந்த இடம் கெட்டிருந்தால் அது கெட்ட மட்டிதான்.

மும்பையைச் சுற்றியுள்ள தண்ணீர் எப்படிப்பட்டது என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. மித்தி நதி என்ற பெயரில் எது மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது என்பது தாராவிவாசிகளுக்கு மூக்கு வழியாகவே தெரியும். வொர்லியிலும் பாந்த்ராவிலும் நகரத்துக் கழிவு நீர் குழாய் வழியே கடலுக்குள் கொண்டுபோய் விடப்படுகிறது. தானே கழிமுகத்தின் ஒரு கரையில் பெரிய தொழிற்பேட்டை. அந்தக் கழிமுகத்தின் ஒரு பகுதியை 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் பூநாரைகள் குவிகின்றன என்பதைத் தண்ணீர் சுத்தமானதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேற்றில் இரை இருந்தால் பறவை வரும்.

ஆகவே மாஹிம், வொர்லி, சேவ்ரி, வாஷி, தானே ஆகிய இடங்களில் சேற்றிலும் பாறையிலும் சொந்தக் கையால் பொறுக்கித் தின்னும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்று வாதாடுகிறவர்கள், தொழிற்சாலைக் கழிவில் வரும் ஈயத்தையும் காட்மியத்தையும் என்ன செய்வார்கள்? அவை உலோகங்கள். அடுப்பில் வைத்தாலும் குழம்பிலேதான் இருக்கும். ஒரு நாள் தின்றவனுக்கு ஒன்றும் தெரியாது. வாரந்தோறும் தின்கிறவன் உடம்பில்தான் அது சேர்ந்துகொண்டே போகும்.

கொதியில் சாகாத நஞ்சு

இனி, கொதிக்க வைக்கும் கட்சியாரின் தலையாய தவறுக்கு வருவோம்.

1981-ல் தமிழ்நாட்டில் வயலூரில் மட்டி தின்றவர்களில் 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 3 பேர் இறந்தார்கள். 1983-ல் மங்களூருக்குத் தெற்கே கும்பளாக் கழிமுகத்து மட்டியைத் தின்றவர்களுக்கு இதே கதி நேர்ந்தது. ஓர் உயிர் போயிற்று. 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். இவர்களில் யாரும் பச்சையாகத் தின்றவர்கள் அல்ல. நம் நாட்டில் மட்டியைப் பச்சையாகத் தின்னும் பழக்கம் அநேகமாக இல்லை. கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்துத் தின்றவர்களே விழுந்தார்கள்.

காரணம் இதுதான். கடலில் சில காலங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்பாசி திடீரென்று பெருகுகிறது. அந்த இனத்தில் சிலவற்றின் உடம்பில் சாக்சிடாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உண்டு. சிப்பி அதை வடிகட்டித் தின்று தன் சதையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சிப்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்னும் மனிதனுக்கு நரம்பு மரத்துப் போகிறது. இந்த நஞ்சு கொதியில் சாகாது. உப்பிலும் புளியிலும் சாகாது. ஐஸில் வைத்தாலும் அப்படியே இருக்கும். மணத்திலோ நிறத்திலோ ருசியிலோ ஒரு வித்தியாசமும் காட்டாது. துடிப்போடு வாயை மூடிக்கொள்ளும் உயிருள்ள மட்டியிலும் அது இருக்கலாம்.

கடல் நீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். சில சமயம் மாறும். அப்படி மாறியிருந்தால், அந்தக் கரையில் சிப்பி வாங்கவே கூடாது. அருகே மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் நிறம் மாறாத நீரிலும் நஞ்சு இருப்பதுண்டு. கோடையில்தான் வரும், மழைக்குப் பிறகு வராது என்று மாதக் கணக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விழிஞ்ஞத்தில் செப்டம்பரில் வந்தது. கும்பளாவில் ஏப்ரலில் வந்தது. குழம்புச் சட்டியில் வெள்ளிக்காசு போட்டு, கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது என்று பார்க்கும் வைத்தியமும் ஒன்று உண்டு. அதை நம்பித் தின்பதைவிடக் காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்த்துத் தின்னலாம். இரண்டும் ஒரே சோதனைதான்.

அறிகுறிகளை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தின்ற சில நிமிடங்களிலோ, ஓரிரண்டு மணி நேரத்திலோ உதடும் நாக்கும் எறும்பு ஊர்வதுபோல் மினுமினுக்கும். பிறகு மரத்துப் போகும். அது முகத்துக்கும் விரல் நுனிகளுக்கும் பரவும். தலை சுற்றும், வாந்தி வரலாம், நடை தள்ளாடும், பேச்சு குழறும். முற்றினால் மூச்சு விடும் தசைகள் செயலற்றுப் போகும். சாவு வருவது அந்த மூச்சுத் திணறலால்தான்.

இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது. சம்பள நாளில் நண்பர்கள் கூடி, குவளையும் மட்டி வறுவலுமாக உட்கார்ந்தால், ஒருவன் உதடு மரத்துப் பேச்சு குழறித் தள்ளாடும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். "இவனுக்கு ஏறிவிட்டது" என்று படுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். மூச்சு நிற்பது யாருக்கும் தெரியாது. மட்டி தின்ற அன்று யாருக்கு உதடு மரத்தாலும், குடித்தவராயினும் குடிக்காதவராயினும், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "இத்தனை மணிக்கு மட்டி தின்றார், இந்த இடத்தில் வாங்கியது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சட்டியில் மிச்சம் இருந்தால் அதையும் ஒரு பாத்திரத்தில் கொண்டுபோவது நல்லது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் சுவாசக் கருவி வைத்து, நஞ்சு உடம்பை விட்டு வெளியேறும் வரை மூச்சைக் காப்பாற்றினால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஆகையால் சுவாசக் கருவி உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். மூலை டிஸ்பென்சரியில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதும், வீட்டில் புளித் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதும் நேரத்தைக் கொல்லும் வேலை.

வேக வைக்காமல் விட்டால்?

இப்படிச் சொன்னவுடன், "அப்படியானால் வேக வைப்பதே வீண்தானே" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பாசி நஞ்சு என்றோ ஒரு நாள் வருவது. சாக்கடைக் கிருமி என்றும் இருப்பது. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தரும் கிருமிகள் சிப்பியில் ஏறக் கூடியவை. இவை நெருப்புக்குக் கட்டுப்படும். ஆனால் நிஜமான நெருப்பாக இருக்க வேண்டும்.

1988-ன் தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். கழிவு நீர் கலந்த கரையில் எடுத்த ஒரு வகை மட்டிதான் காரணம் என்று கண்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் மட்டியை முழுவதும் வேக வைப்பதில்லை. வெந்நீரில் சற்று நேரம் போட்டு, ஓடு லேசாக வாய் திறந்ததும் எடுத்துத் தின்பார்கள். அதுதான் ருசி என்பது அவர்கள் எண்ணம். ஓடு திறப்பது வெந்துவிட்டதற்கு அடையாளம் அல்ல. ஓடு திறந்த பிறகும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 5 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும். சட்டி நிறைய ஒரேயடியாகக் கொட்டினால் நடுவில் இருப்பது வேகாது. இரண்டு தடவையாகப் போடுவதே முறை. அதிகம் வெந்தால் சதை ரப்பர்போல் ஆகிவிடும் என்று சமையல் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகட்டும், மும்பை மட்டிக்குக் கொஞ்சம் ரப்பர் தன்மை இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த மஞ்சள் காமாலைக் கிருமிக்கு ஒரு வஞ்சகக் குணம் உண்டு. உள்ளே போனதும் ஒன்றும் செய்யாது. 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரை சும்மா இருந்துவிட்டுப் பிறகுதான் படுக்க வைக்கும். அதற்குள் மட்டி தின்றதே மறந்து போயிருக்கும். மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள், ஊருக்குப் போய் வந்த அலைச்சல் என்பார்கள், கீழாநெல்லி தேடுவார்கள். மாதக் கணக்கில் வேலைக்குப் போக முடியாது. தினக்கூலிக்காரனுக்கு அதன் பொருள் என்ன என்று கூறத் தேவையில்லை.

ஈரல் கெட்டவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், தினமும் குடிப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அரை வேக்காட்டுச் சிப்பியைத் தொடவே கூடாது. வெதுவெதுப்பான கடல் நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ என்ற கிருமி வகை ஒன்று இவர்களில் சிலரின் ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் உயிரையே கொண்டுபோய்விடும். இதற்குச் சாக்கடை கூட வேண்டியதில்லை; நல்ல கடலிலும் அது உண்டு. வெளிநாட்டு ஓட்டல்களைப் பார்த்து, கோவாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சைச் சிப்பியை வாயில் போட்டுக்கொள்ளும் புது நாகரிகத்தைச் சம்பளக்காரர்கள் பின்பற்றத் தேவையில்லை. எலுமிச்சை வேக வைக்காது.

சந்தையில்

மொழி தெரியாமல் ஏமாறுவதே அதிகம். மராத்தியில் மட்டிக்குத் 'திசர்யா' என்று பெயர். சில ஊர்களில் 'ஷிம்ப்ளே' என்பார்கள். பாறையில் ஒட்டி வளரும் சிப்பி 'காலவ்'. நண்டு 'கேக்டா', இறால் 'கோளம்பி', சிங்கி இறால் 'ஷெவண்ட்'. கோவாவுக்குப் போனால் மட்டி 'திஸ்ரியோ' ஆகிவிடும், மங்களூரில் 'மருவாய்'. இவற்றோடு இன்னொரு வாக்கியத்தையும் பழகிக்கொள்ள வேண்டும்: "குடூன் ஆணல்யா?" எங்கிருந்து கொண்டுவந்தது என்று பொருள். ராய்கட், ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கத்துக் கழிமுகங்களில் எடுத்ததென்றால், நகரத்துச் சாக்கடைக்குத் தொலைவில் வளர்ந்தது என்ற அளவில் ஓர் ஆறுதல். விற்கிறவர் வாய் திறக்காவிட்டாலோ, இங்கேதான் பாலத்துக்குக் கீழே எடுத்தது என்று உள்ளதைச் சொல்லிவிட்டாலோ, அன்றைக்கு நெத்திலி வாங்கிக்கொண்டு போகலாம்.

மட்டி உயிரோடு இருக்க வேண்டும். வாய் இறுக மூடியிருப்பது உயிருள்ளது. சற்றுத் திறந்திருந்தால் இன்னொரு மட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். மெல்ல மூடிக்கொண்டால் சரி, மூடாவிட்டால் செத்தது. ஓடு உடைந்தது வேண்டாம். கையில் எடுத்தால் காற்றுப்போல் லேசாக இருப்பதும், கல்போல் மிதமிஞ்சிக் கனப்பதும் வேண்டாம்; கனப்பதற்குள் சேறுதான் இருக்கும். வேக வைத்த பிறகு திறக்காததைப் பலவந்தமாகத் திறக்காமல் எறிந்துவிட வேண்டும். ஓடு நீக்கிச் சதையை மட்டும் குவித்து விற்பதும் உண்டு. வேலை மிச்சம் என்று வீட்டுப் பெண்கள் விரும்புவது இயல்பே. ஆனால் ஓடு இல்லாத சதையில் உயிருள்ளது எது, செத்தது எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கண்ணெதிரே உரித்துக் கொடுத்தால் வாங்கலாம்.

வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவருவது பெரிய தவறு. மூச்சு முட்டிச் செத்துவிடும். ஈரத்துணியிலோ சணல் பையிலோ கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் ஊறப் போடுவார்கள் பலர். நல்ல தண்ணீர் மட்டிக்கு எமன். லிட்டருக்கு 30 கிராம் அளவில் உப்புக் கரைத்த தண்ணீரில் ஓரிரண்டு மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கிவிடும். மணல்தான் போகும், கிருமியும் நஞ்சும் அப்படியெல்லாம் போய்விடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத ஒற்றைக் கோலியில் குடியிருப்பவர்கள் வாங்கிய அன்றே சமைத்து அன்றே தின்றுவிட வேண்டும்.

நண்டு, இறால் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நண்டு உயிரோடு இருக்க வேண்டும். இறாலின் தலை கறுத்துத் தொங்கினால் பழசு. பாசி நஞ்சு பெரும்பாலும் ஓட்டுச் சிப்பிகளைப் பற்றிய கவலையே.

விடுமுறையில் அலிபாக், முருட், மால்வண் என்று குடும்பத்தோடு போகிறவர்கள், கரையில் தாமே மட்டி தோண்ட ஆசைப்படுவதுண்டு. அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் எந்த இடத்தில் எடுக்கிறார்களோ அங்கே எடுக்கலாம். அவர்கள் ஒதுக்கிய இடத்தில் கால் வைக்கக் கூடாது. கடலின் கணக்கும் தெரிய வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஏற்ற வற்றம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது. மேற்குக் கரையில் மும்பையை ஒட்டி, அமாவாசை பௌர்ணமிச் சமயங்களில், அது 4 மீட்டருக்கும் மேல் போகும். அந்த நாட்களில் வற்றம் காலையும் மாலையும் 6 மணியை ஒட்டி வரும். மாலை வற்றத்தில் வெகுதூரம் உள்ளே போய்க் குனிந்திருந்தால், இருட்டும் தண்ணீரும் ஒன்றாகவே வரும். பின்னால் உள்ள பள்ளம் முதலில் நிரம்பிக் கரைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடும். மராத்தியில் ஏற்றத்துக்கு 'பர்தி', வற்றத்துக்கு 'ஓஹோட்டி'. கரையோரத்து மீனவரிடம் இந்த இரண்டு சொற்களைச் சொல்லிக் கேட்டால் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்.

சோதனை யாருக்கு?

இவ்வளவும் தனி மனிதன் செய்துகொள்ளக் கூடியது. ஆனால் பாசி நஞ்சைத் தனி மனிதன் கண்டுபிடிக்க முடியாது என்று மேலே பார்த்தோம். அதற்குச் சோதனைச்சாலை வேண்டும். சோதனைச்சாலை நம் நாட்டில் இல்லையா? இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் கடல் உணவுக்கு ஏற்றுமதி ஆய்வு முகமையின் ஆரோக்கியச் சான்றிதழ் இல்லாமல் கப்பல் ஏற முடியாது. கேரளத்தின் அஷ்டமுடி ஏரி மட்டிக்கு 2014-ல் சர்வதேச மீன்வளச் சான்றிதழே கிடைத்தது. ஏரி அழியாதபடி ஒழுங்காக எடுக்கிறார்கள் என்பதற்கான சான்றிதழ் அது. வெளியூர்க்காரன் தட்டுக்குப் போகும் மட்டிக்கு இவ்வளவு மரியாதை. இங்கே சந்தையில் கூறு கட்டி விற்கும் மட்டிக்கு என்ன மரியாதை? சிப்பியில் இந்த நஞ்சு எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே வரம்பு எழுதியிருக்கிறது. எழுதியதைக் கூறு கட்டி விற்கும் இடம் வரை கொண்டுவருவதுதான் பாக்கி.

அறிவுக்கும் பஞ்சமில்லை. வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. வாஷியிலேயே மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளை இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், பாசிப் பெருக்கத்தைச் செயற்கைக்கோள் மூலம் கவனித்துத் தகவல் தருகிறது. அந்தத் தகவல் ஆராய்ச்சியாளரின் மேஜைக்கு வருகிறது. சேற்றில் நிற்கும் கோளிப் பெண்ணுக்கும், அவளிடம் வாங்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் வர வேண்டாமா? புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், படிக்காதவனுக்கும் புரிகிறது. பாசி பெருகினால் மீன் சந்தை வாசலில் ஒரு சிவப்புப் பலகை மாட்டுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இதில் கோளிப் பெண்களின் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை. இந்த நகரம் தோன்றுவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்தவர்கள் அவர்கள். அவர்கள் கடலில் சாக்கடையைத் திறந்துவிட்டது அவர்கள் அல்ல. வந்து குடியேறிய மற்ற எல்லோரும்தான், தமிழர் உட்பட. விற்கும் மட்டியையே அவர்கள் பிள்ளைகளும் தின்கிறார்கள். "சோதனை செய்" என்ற பெயரில் அவர்கள் கூடையைப் பறிமுதல் செய்து, கடையைக் கலைக்கும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது. சுத்தமான தொட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து மட்டியைக் கழுவும் முறை ஒன்று உண்டு. அதனால் சாக்கடைப் பாக்டீரியா வெகுவாகக் குறையும். மஞ்சள் காமாலைக் கிருமியும் பாசி நஞ்சும் அவ்வளவு எளிதில் போகா என்றாலும், வாந்திபேதி பெருமளவு தடுக்கப்படும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அத்தகைய தொட்டிகளைக் கட்டிக் கொடுத்தால், சங்க முத்திரையுள்ள மட்டிக்கு இரண்டு காசு கூடுதலாகக் கொடுக்க யாரும் தயங்கமாட்டார்கள். மழைக்காலத்தில், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் புது மீன் குறையக் குறைய, கரையோரத்து மட்டியின் பக்கம் கை நீள்வது இயற்கை. சாக்கடை பொங்கிக் கடலில் கலப்பதும் அதே இரண்டு மாதத்தில்தான். சோதனையைத் தொடங்குவதானால் அங்கிருந்து தொடங்கலாம்.

மாநகராட்சி வார்டு ஆபீசில் இப்படி ஒரு மனு கொடுக்கத் தமிழ்ச் சங்கங்களுக்குத் தடை ஒன்றுமில்லை. கோளிவாடாக்களின் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து கொடுத்தால் இன்னும் பலம். அதுவரை, பொங்கல் விழா மலர்களில் தலைவர்களின் வாழ்த்துப் படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றைக் குறைத்து, மட்டியின் மராத்திப் பெயர்களையும், உதடு மரத்தால் ஓட வேண்டிய பெரிய மருத்துவமனைகளின் முகவரிகளையும் அச்சிட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டும்படி கொடுக்கலாம்.